யாருக்காக ஓடுது?

என் தாய்மாமா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார். வீட்டுக்காரர் வரவேற்றுப் பேசத் தொடங்குவதற்குள் அவருடைய பார்வை கூரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கும். மின்விசிறி ஓடுகிறதா, ஓடினால் அதன் கீழே ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் பார்ப்பார். ஆள் இல்லையென்றால், நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்குவதற்கு முன்பே சுவிட்சை நோக்கிப் போய்விடுவார்.

“யாருக்காக ஓடுது?” என்று கேட்டுக்கொண்டே நிறுத்துவார்.

அந்தக் கேள்வியில் கண்டிப்பு இருக்காது. பதில் கிடைத்தால் கேட்டுக்கொள்ள ஆயத்தமாக இருப்பவரின் குரல் அது. பாட்டி குளித்துவிட்டு வருவார், அவருக்காக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் மறுபடியும் போட்டுவிட்டு உட்காருவார். பதில் வராத வீடுகளே மிகுதி.

நயினார்கோவிலுக்கு அருகே எங்கள் ஊரில் அவருக்கு ‘நிப்பாட்டி’ என்று பெயர். நேரில் யாரும் அப்படி அழைத்ததில்லை. அவர் தெருவில் திரும்புவதைக் கண்டதும், “நிப்பாட்டி வாராரு, டிவிக்கு முன்னாடி யாராச்சும் உக்காருங்க” என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்கும். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்டாட்டி வந்தால் வீட்டில் இரண்டு விளக்கு எரியுமே என்ற பயம்தான் காரணம் என்று அய்யா, அதாவது என் அப்பா, அவரை வைத்துக்கொண்டே சொல்வார். மாமா மறுத்ததில்லை. ஒரு விளக்கே அதிகம், அதுவும் பாதி நேரம் சும்மாதான் எரிகிறது என்பார்.

இதைக் கஞ்சத்தனம் என்று பலர் நினைத்தார்கள். நானும் சிறு வயதில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கல்யாண வீட்டில் அந்த எண்ணம் மாறியது. பந்தி முடிந்து எல்லோரும் எழுந்துபோன கூடத்தில், ஆள் உயர விசிறி ஒன்று வெறும் நாற்காலிகளைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. மாமா அதை நிறுத்தினார். பிறகு இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனார். அங்கே அண்டாவுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்த சமையல்காரருக்கு எதிரே வைத்து ஓடவிட்டார். சமையல்காரர் அடுப்பு அணைந்துவிடும் என்று திட்டினார். மாமா விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஓர் இயந்திரம் ஓடினால் அதன் எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

அதே பழக்கம் வேறோர் இடத்தில் எனக்கு அச்சத்தைத் தந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது குளிர்பெட்டி வரவழைத்திருந்தார்கள். பாடையைத் தூக்கி வாசலைத் தாண்டிவிட்டார்கள். ஆண்கள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் வாசலில் விழுந்து அழுதார்கள். கூட்டத்தோடு போன மாமா மட்டும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். அழுகிறவர்களை விலக்கி உள்ளே போய், மூடி திறந்து கிடந்த வெற்றுப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டார். பெட்டியின் இரைச்சல் நின்ற கணத்தில் இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

அன்று மாலை அம்மா அவரிடம் சண்டை போட்டாள்.

“கொஞ்ச நேரம் ஓடுனா என்னண்ணே? கெட்டா போயிரும்?”

“உள்ள ஆளு இல்லையே ஆத்தா” என்றார். அவருக்கு அது முழுமையான விடையாக இருந்தது.

மோட்டார் காயில் கட்டுவது அவருடைய தொழில். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் எரிந்த செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். ஊரில் இருந்த பட்டறை போதாதென்று, ஊர் ஊராகப் போய் வேலை செய்வதற்காக ஒரு பழைய வேனையும் பட்டறையாக மாற்றி வைத்திருந்தார். அந்த வண்டியைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு நாற்பத்தொரு வயதில் தசைகள் சோரத் தொடங்கின. முதலில் மாடிப்படி, பிறகு தண்ணீர்க் குடம், பிறகு நெஞ்சு. விழித்திருக்கும்போது மூச்சு தானாக வரும். உறங்கினால் உடல் அதை மறந்துவிடும். ஆகவே இரவு முழுவதும் முகத்தில் முகமூடி மாட்டி, ஒரு சிறிய இயந்திரத்தைக் கொண்டு காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேசை விசிறிக்கு ஆகும் மின்சாரம்தான் அதற்கும் ஆகும். ஆனால் விடியும் வரை நிற்கக் கூடாது. எங்கள் ஊரில் மின்சாரம் போகும்போதெல்லாம் மாமாவின் வேன், சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு வாசலில் வந்து நிற்கும். மின்விசிறிகளை நிறுத்திக்கொண்டு திரிந்த மனிதர், ஓர் இயந்திரம் நின்றுவிடாமல் இருப்பதற்காக முதன்முதலாக ஓடத் தொடங்கினார்.

ஒரு நாள் அம்மா, கடலோரத்தில் பத்து இரவுகள் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னாள். அவள் எதையும் கேட்கிறவள் அல்லள். ராமேஸ்வரத்தில் அறை எடுத்துத் தருகிறேன் என்றார் அய்யா. அறைக்குள் கிடப்பதென்றால் இங்கேயே கிடக்கலாமே என்றாள் அம்மா. ஏன் கடல், ஏன் பத்து என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மாமா காரணம் கேட்கவில்லை.

“வண்டி சும்மாதேன நிக்கிது” என்றார்.

ஒரு வாரத்தில் வேனிலிருந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் கம்பிச் சுருள்களும் இறங்கின. ஒரு கட்டில் ஏறியது. தலைமாட்டில் இயந்திரத்துக்கு ஒரு பலகை அடித்தார். பக்கவாட்டுக் கதவைப் பெரிதாக வெட்டி, கொசுவலை தைத்தார். எல்லாம் ஆயின, மின்சாரம் மட்டும் பாக்கி நின்றது. ஒரு பேட்டரி ஓர் இரவுக்கு வரும். மறுநாள் அதை எப்படி நிரப்புவது? வண்டியின் இன்ஜினை ஓடவிட்டு நிரப்பலாம். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினை மாமா தாங்கமாட்டார். டீசல் புகையை அம்மா தாங்கமாட்டாள். மீதி இருந்தவை இரண்டு: வெயில், காற்று.

ராமநாதபுரத்தில் சோலார் கடை வைத்திருந்தவர் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். “காத்து சொன்ன பேச்சு கேக்காதுண்ணே. நம்மூருல வெயிலு கேக்காமலே வரும்” என்று சொல்லி, ஒரு சோலார் பலகையை இரண்டு நாள் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினார். அதை வேன் மேல் கட்டி வயல்வெளியில் நிறுத்தினோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்த நான், கோடை விடுமுறையில் இருந்தேன். அளவுகளை நோட்டில் எழுதுவது என் வேலை. பலகை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பலகைக்கு வெயில் வேண்டுமென்றால் வண்டியும் வெயிலில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு உள்ளே கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட முடியவில்லை. வண்டியை உடைமரத்து நிழலுக்கு நகர்த்தியதும் மீட்டரின் முள் படுத்துவிட்டது.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய குறைகள். பலகையை இறக்கி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, வண்டியை நிழலில் விடலாம். நான் அதைச் சொன்னேன். மாமாவின் மறுப்பு வேறு.

“வெயிலு அடிக்கிற நேரம் ஆத்தா முழிச்சிருக்கா. அப்ப அது யாருக்காக ஓடுது மருமகளே?”

சேர்த்து வைத்து இரவில் தருவதற்காக என்றேன். சேர்த்து வைப்பது அவருக்கு உவக்கவில்லை. உறங்குகிறவள் மூச்சுவிடும் அதே நேரத்தில் வெளியே காற்று வீச வேண்டும், அந்தக் காற்றே அவளுக்குள் போக வேண்டும் என்று அவர் மனத்தில் ஒரு படம் விழுந்துவிட்டது. கடலோரத்தில் இரவிலும் காற்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்த செய்தி. பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காற்றாடியை அவரே செய்தார். பழைய லாரியின் மின்னாக்கி ஒன்றைப் பிரித்து, மெதுவாகச் சுழன்றாலும் மின்சாரம் தரும்படி காயிலை மாற்றிக் கட்டினார். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கைகள் சீவினார். வேன் மேல் கம்பம் நட்டார். பேட்டரி நிரம்பிய பிறகும் காற்று வீசினால் மிகுதி மின்சாரம் எங்காவது செலவாக வேண்டும். இல்லாவிட்டால் காற்றாடி அளவுமீறிச் சுழன்று இறக்கை முறிந்துவிடும். அதற்காக ஒரு தகர டின்னில் தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் கம்பி ஒன்றை அதற்குள் இறக்கினார். மிச்சக் காற்று தண்ணீரைச் சுடவைக்கும். தேவையில்லாத நேரத்தில் இறக்கையைக் கட்டிப்போட ஒரு கயிறும் இருந்தது. கட்டுவது ஒரு நிமிட வேலை.

காற்றை அளக்க அவரிடம் கருவி இல்லை. வண்டியில் ஒரு பையில், தூற்றாத நெல் வைத்திருந்தார். மேல்தட்டில் ஏறி நின்று, கையை உயர்த்தி ஒரு பிடி நெல்லை விடுவார். மணி நேராக விழும். பதர் விலகிப் போகும். பதர் எத்தனை எட்டுத் தள்ளி விழுகிறது என்று நான் காலால் எட்டு வைத்து நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து எட்டுப் போனால் இயந்திரத்துக்குப் போதும் என்று பட்டறையில் ஓட்டிப் பார்த்துக் கணக்கு வைத்திருந்தார். களத்துக் காற்றைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இடம் பார்க்க, ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குப் போனோம். அங்கே நிலம் ஒடுங்கி, இரண்டு பக்கமும் கடல். மாமா வடக்குக் கரையைத் தேர்ந்தார். அலை இல்லை, தென்னை மரங்கள் இருந்தன, அமைதியாக இருந்தது. சாயங்காலம் வேன் மேல் ஏறி நெல்லை விட்டார். நண்டு எடை போடும் கொட்டகையிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்து நின்று பார்த்தார்.

“என்னண்ணே, இங்கன நெல்லு வெளையும்னு யாரு சொன்னா?”

கொட்டகைக்குள்ளிருந்து சிரிப்பு எழுந்தது. காற்றைப் பார்க்கிறேன் என்றார் மாமா. காற்றைப் பார்க்க நெல் எதற்கு, மூஞ்சியை நீட்டினால் போதாதா என்றார் அந்தப் பெண்மணி. நான் எட்டு வைத்துப் பார்த்தேன். ஆறு எட்டு. மறுநாளும் சாயங்காலம் போய் அளந்தோம். ஆறரை. மாமா அதோடு திருப்தியடைந்தார்.

தவறு அங்கேதான் இருந்தது. அன்று எனக்கும் அது தெரியவில்லை. நெல் தூற்றுகிறவர்கள் சாயங்காலக் காற்றுக்குத்தான் காத்திருப்பார்கள். மாமாவுக்குக் காற்று என்பது அந்த நேரத்துக் காற்று. மற்ற நேரங்களில் அதை அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். அய்யா மாடுகளை விட்டு வரவில்லை. முதல் இரவு, வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த பேட்டரியில் கழிந்தது. இரண்டாம் இரவின் முடிவில், கிழக்கு வெளுக்கும் முன், இயந்திரம் எச்சரிக்கை ஒலி கொடுத்தது. கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த நான் எழுந்து அம்மாவை உலுக்கினேன். அவள் விழித்து உட்கார்ந்தாள். முகமூடியைக் கழற்றினேன். அவள் தானாக மூச்சு விடத் தொடங்கினாள். உதடுகள் வெளிறியிருந்தன. பிறகு சரியாயின.

முன் இருக்கையில் படுத்திருந்த மாமா கீழே இறங்கி நின்று மேலே பார்த்தார். இறக்கைகள் மூன்றும் அசையாமல் நின்றன. நெடுநேரம் பார்த்தார். ஓடுகின்ற பொருளை அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். நின்ற பொருளைப் பார்த்து நான் கண்டதில்லை.

விடிந்ததும் அந்தப் பெண்மணி நண்டுக் கூடையோடு வந்தார். நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இம்முறை சிரிக்கவில்லை.

“கச்சான் காத்துக் காலத்துல வடகடலு கம்மாத் தண்ணி மாதிரில்ல அசையாமக் கெடக்கும். பொழுது சாய ஒரு காத்து வரும், அதோட போச்சு. காத்து வேணும்னா தெங்கடலுக்குப் போயிருக்கணும்ணே. அங்கன ராத்திரி பகலுன்னு இல்ல, அடிச்சுக்கிட்டே கெடக்கும். ஆனா மனுசன் தூங்க முடியாது.”

வகுப்பில் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர்கள் படித்திருந்தேன். தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் கச்சான் அவற்றுள் இல்லை.

மாமா வண்டியை ஊருக்குத் திருப்பினார். அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது, சோலார் பலகை வாங்கிவிட்டதாகச் சொன்னார். அம்மா பார்க்க வேண்டும் என்றாள். பட்டறைக்கு அழைத்துப் போனேன். காற்றாடி கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. அம்மா வண்டியின் படியில் உட்கார்ந்து, எங்கே நிறுத்தப் போகிறாய் என்று கேட்டாள்.

“அதே வடகடல்தேன். வெயிலுக்கு எங்கன நின்னாலும் ஒண்ணுதான. சத்தமே இருக்காது. நிம்மதியாத் தூங்கலாம்.”

அம்மா காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே பேசினாள். இடையிடையே மூச்சு வாங்கினாள்.

“எனக்குச் சத்தந்தேன் வேணும்ணே. ஒம்பது மாசமா ராத்திரி பூரா அந்த மிசின் சத்தத்தைத்தேன் கேக்குறேன். புசுக்கு புசுக்குன்னு. நான் உசுரோட இருக்கேன்னு அது ஒவ்வொரு மூச்சுக்கும் சொல்லிக்கிட்டே கெடக்கு. அது கேக்காத எடத்துல ஒரு பத்து நாளு தூங்கணும். அதுக்குத்தேன் கடலு.”

மாமா தரையில் கிடந்த ஒரு கம்பித் துண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

“தெங்கடல்லயும் காத்து நிக்கும் ஆத்தா. நிக்காதுன்னு சொல்ல முடியாது.”

“நின்னா நீ எழுப்பிவிடு.”

மறுநாள் பலகை கடைக்குத் திரும்பிப் போயிற்று. காற்றாடி வண்டியில் ஏறியது. கூடவே இன்னொரு பேட்டரியும் ஏறியது. சேர்த்து வைப்பதில் அவருக்கிருந்த மறுப்பை அவர் எப்போது விட்டார் என்பது எனக்குத் தெரியாது. இம்முறை நெல் விடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாமாவும் நானும் தென்கரையில் ஒரு முழுநாள் தங்கினோம்; மணிக்கு ஒரு முறை நான் அளந்து எழுதினேன். மிகக் குறைந்த அளவு, விடியற்காலையில், ஏழு காலடி. மாமா நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

ஆடியில் போனோம். நான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டிருந்தேன். நண்டுக் கொட்டகைப் பெண்மணி தம் உறவினர் ஒருவரின் கருவாட்டுக் களத்தின் ஓரத்தில் நிற்க இடம் பேசித் தந்தார். அந்த இடத்தில் உறங்குவது எளிதன்று. கடல் இடைவிடாமல் இரைந்தது. காற்றாடி தலைக்கு மேல் ஒரே சீராக முனகியது. கம்பத்தின் அதிர்வு வண்டியின் தகட்டில் இறங்கி, கட்டில் காலில் இறங்கி, தரையில் படுத்திருந்த என் முதுகு வரை வந்தது. எனக்கு முதல் இரவு உறக்கமே இல்லை. கட்டிலிலிருந்து எந்த ஒலியும் வராததால் எழுந்து விளக்கடித்துப் பார்த்தேன். முகமூடிக்குள் அம்மாவின் மூச்சு படிந்து மறைந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஓடியது. அதன் ஒலி மட்டும் கேட்கவில்லை.

மாமா ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன் எழுந்து, வெளியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து காற்றாடியைப் பார்த்திருப்பார். அது ஒருநாளும் நிற்கவில்லை. பகலில் பேட்டரிகள் நிரம்பி, டின்னில் தண்ணீர் கொதித்தது. அம்மா அதில் முகம் கழுவினாள். ஒரு நாள் தலைக்கும் ஊற்றிவிட்டேன். காற்றில் சுட்ட தண்ணீர், உப்புக் கரிக்கவில்லையே என்று சொல்லிச் சிரித்தாள். கொட்டகைப் பெண்மணி அதே தண்ணீரில் டீ போட்டு எங்களுக்கும் கொடுத்து, “நெல்லுதேன் வெளையல, டீயாச்சும் வெளஞ்சுச்சே” என்றார். மாமா சிரித்தார். அவருடைய பற்களை அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன்.

ஏழு இரவுகள் அங்கே இருந்தோம். முந்தைய இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. எட்டாம் நாள் காலை, அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், போதும் அண்ணே, வீட்டுக்குப் போவோம் என்றாள். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். மாமா கயிற்றை எடுத்து இறக்கைகளைக் கட்டினார்.

ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். நான்காம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிர்பெட்டி வந்தது. இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் போகும் வழக்கம் இல்லை என்பதால் நான் வாசலில் நின்றேன். பெட்டி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மாமா தெருமுனையில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. நான் உள்ளே போய் அணைத்தேன். அழுதேனா என்று எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மாமா மூச்சு இயந்திரத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டார். கீழக்கரையில் ஒரு வீட்டில் தேவைப்படுகிறது என்று அம்மாவைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டறிந்திருந்தார். சும்மா இருக்கக் கூடாது என்றார். அய்யா தலையாட்டினார். அது சரியான செயல் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு வீட்டில் எந்த ஒலியும் இல்லை. அடுத்து வந்த இரவுகளிலும் இல்லை. நான் படுத்திருந்தேன். தேர்வுக்குப் படித்தேன். யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்னேன். உறங்கவில்லை.

தை பிறந்த பின் ஒரு நாள் பிற்பகல், அய்யா கொடுத்தனுப்பிய நெல்லோடு மாமாவின் பட்டறைக்குப் போனேன். தெருவில் திரும்பும்போதே அந்த முனகல் கேட்டது. வேன் முற்றத்தில் நின்றது. வாடைக் காற்றில் காற்றாடி சுழன்றது. பேட்டரிகள் எப்போதோ நிரம்பியிருக்க வேண்டும். டின்னில் தண்ணீர் கொதித்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வற்றியிருந்தது. உள்ளே கட்டில் இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. தலைமாட்டுப் பலகை வெறுமையாக இருந்தது.

மாமா கொல்லைப்புறத்திலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். ஒரு நாளைக்கு நான்கு குடம் ஊற்ற வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கம்பி எரிந்துபோகும் என்று சாதாரணமாகச் சொன்னார். காற்றாடியைக் கட்டும் கயிறு கம்பத்தில் அதே இடத்தில் தொங்கியது. நான் நெல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வேனின் ஏணியில் ஒரு படி ஏறினேன். ஆளில்லாமல் ஓடுவதை நிறுத்தும் அவருடைய பழக்கத்தையே நான் செய்யப் போனேன். அதற்குமேல் எனக்கு எண்ணம் எதுவும் இல்லை.

“விடு மருமகளே. ஓடட்டும்” என்றார்.

நான் இறங்கினேன். அவர் டின்னில் தண்ணீரை ஊற்றினார். ‘சுர்’ரென்று ஓசை எழுந்து அடங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேனின் கொசுவலையை ஒதுக்கிப் பிடித்தார். நான் உள்ளே போய்க் கட்டிலில் படுத்தேன். கம்பத்தின் அதிர்வு தகட்டில் இறங்கி, கட்டில் காலில் இறங்கி, முதுகில் வந்து சேர்ந்தது. அன்றுதான், அம்மா போன பிறகு முதல் முறையாக, உறங்கினேன்.

விழித்தபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது. நான் விழிக்கும்போது இருட்டாக இருக்கக் கூடாது என்று அவர் வண்டிக்குள் சிறு விளக்கைப் போட்டிருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டினேன். போய்வருகிறேன் என்றேன். டீ குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். டின்னிலிருந்து எடுத்த தண்ணீர்தான்.

அதன்பின் நான் மதுரைக்கு மேற்படிப்புக்கு வந்தேன். அதற்கு முன்பே, தை முடிவதற்குள், அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் வேலைக்குப் போய்விட்டார் என்று அய்யா சொன்னார். வண்டியையும் ஓட்டிக்கொண்டுதான் போனாராம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்று சாயங்காலம்தான். நான் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் வேனுக்குள் குனிந்து, கட்டிலின் மேல் எரிந்துகொண்டிருந்த சிறு விளக்கை அணைத்தார். குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தார். மேலே காற்றாடி சுழன்றது. அவர் மேலே பார்க்கவில்லை.